உப்புப் போடாத ஜூஸ்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற ஸ்டார் ஃப்ரூட் மரத்தை வெட்டிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் மூன்று தடவை சொல்லிவிட்டார். மூன்று தடவையும் நான் வேண்டாம் என்றேன். எனக்கு அந்த மரத்தின்மேல் அவ்வளவு ஆசை என்று தெருவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசையாவது, மண்ணாங்கட்டியாவது. அதன் நிழலில்கூட நான் நிற்பதில்லை. ஆனாலும் வெட்ட முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யார் பேரும் போடப்போவதில்லை. எதிர்வீட்டுப் பெண் தமிழ்ப் புத்தகம் எடுத்துப் படிக்கிறவள் இல்லை என்கிற ஒரே தைரியம்தான் எனக்கு.

நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில் கணபதியில், ஒரு குறுக்குத் தெருவில். நாலு வீட்டுக்கு ஒரு லேத் பட்டறை. காலையில் எட்டரைக்கு ஆரம்பிக்கிற இரும்புச் சத்தம் சாயங்காலம்தான் ஓயும். அந்தத் தூசிக்கு நடுவில் வாசலில் ஒரு கொய்யா இருந்தால் நன்றாக இருக்குமே என்று என் வீட்டுக்காரரைக் கன்று வாங்கிவர அனுப்பினேன். மனுசன் மேட்டுப்பாளையம் ரோட்டில் நர்சரிக்காரன் பேச்சில் மயங்கி, கொய்யாவை விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். "குறுக்கால அறுத்தா நட்சத்திரமாட்ட இருக்குமாம்" என்றார். "நட்சத்திரத்தை வெச்சு நாக்கு வழிக்கறதா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே குழி வெட்டினார்.

மூன்று வருசம் சும்மா நின்றது. நாலாவது வருசம் காய்க்க ஆரம்பித்தது பாருங்கள், கிளை தெரியவில்லை. கொத்துக் கொத்தாக மஞ்சளும் பச்சையுமாகத் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு காய்த்தது. வருசத்துக்கு இரண்டு தடவை. புரட்டாசியில் வருவதுதான் பெரிய காய்ப்பு. ஒரு நாள் பறிக்காமல் விட்டால் வாசல் முழுக்க விழுந்து நசுங்கி, ஈ மொய்த்து, செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

எனக்கு ஒரு கெட்ட குணம். எதையும் வீணாக்கினால் பத்திக்கொண்டு வரும். மிச்சச் சோற்றைக் கொட்டுகிற ஆளைக் கண்டால் நான் பேசாமல் இருந்ததே இல்லை. ஆக, அந்த மரத்தோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். ஊறுகாய் போட்டேன். உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி மொட்டைமாடியில் வற்றல் போட்டேன். புளிக்குப் பதிலாக ரசத்தில் போட்டேன், சட்னி அரைத்தேன், சர்க்கரை போட்டுக் கிளறினேன். அப்போதும் தீரவில்லை. கடைசியில் அதன் சக்கையை வைத்துக் குத்துவிளக்கு தேய்த்தேன். புளியும் சாம்பலும் போட்டு அரைமணி நேரம் தேய்த்தாலும் வராத பளபளப்பு, இதில் இரண்டு இழுப்பில் வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்னடா என்றால், அதையும் ஒரு பெருமையாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பீளமேட்டில் ஒரு கல்லூரி ஆபீசில் எனக்கு வேலை. தினமும் பஸ்ஸில் இரண்டு பை. முதல் வாரம் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் நான் உள்ளே நுழைந்தாலே ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். பால்காரர் மாட்டுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "மாடு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க" என்று சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அயர்ன் கடைக்காரர் என்னைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். வீட்டில் கேட்கவே வேண்டாம். "இன்னிக்கு ரசத்துல புளிதானே?" என்று உத்தரவாதம் வாங்கிக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் தட்டுக்கு முன்னால் உட்காருவார்.

வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லாத ஒரே வீடு எதிர்வீடு.

அந்த வீட்டுக்காரரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கிரைண்டருக்கு உருளை கடைகிற பட்டறை வைத்திருந்தார். அண்ணி, ஒரே மகள். மகளுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. என்னை அத்தை, அத்தை என்று உயிரை விடுவாள். என் வீட்டுக்காரருக்கு ஒரு தடவை ஃபவுண்டரியில் கால்மேல் அச்சு விழுந்தபோது, பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர் அண்ணா. கூடப் பிறந்தவர்கள்கூட அப்படிச் செய்யமாட்டார்கள். அவர் வாயில் 'இல்லை', 'வேண்டாம்' என்கிற இரண்டு வார்த்தையும் வராது. நான் எதைக் கொண்டுபோனாலும், "ஏனுங் அம்மணி, இத்தனையும் எங்களுக்குங்களா?" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். நான் கொடுத்தனுப்புகிற எவர்சில்வர் தூக்குப்போசி, மூடிபோட்ட தூக்குச்சட்டிதான், ஒருநாளும் வெறும் போசியாகத் திரும்பிவந்தது கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அண்ணி கொடுத்தனுப்புவார்.

அந்த வருசம் ஆடியிலிருந்தே அண்ணா மெலிந்துகொண்டு வந்தார். முகம் மட்டும் காலையில் உப்பியிருக்கும். பட்டறைக்குப் போவது குறைந்துபோனது. அண்ணியிடம் ஒரு நாள் கேட்டேன். அண்ணி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சுங்க அம்மணி. பாத்துச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்றார்.

உப்பு. அந்த ஒரு வார்த்தைதான்.

ஆஸ்பத்திரிக்கு நடக்கிற குடும்பங்களில் உப்பு என்றால் ரத்தத்தில் ஏறுகிற உப்பு. கிட்னி சரியாக வேலை செய்யவில்லை என்பதைத்தான் நாசூக்காக அப்படிச் சொல்வார்கள். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. எனக்கு உப்பு என்றால் அடுப்படி ஜாடியில் இருக்கிற உப்பு. உப்புக் கூடிப்போச்சு என்றால் பிரஷர், சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அண்ணியும் மேற்கொண்டு சொல்லவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பனுக்குக் கிட்னி போச்சு என்று தெரிந்தால், நாளைக்குப் பெண்ணுக்கும் வருமோ என்று வருகிற இடமெல்லாம் தட்டிப்போகும். அதற்குத்தான் அந்த ஒரு வார்த்தையை வைத்து மூடியிருந்தார்கள். மகளிடமே முழுசாகச் சொல்லவில்லை.

நான் விடுவேனா? பிரஷருக்கு ஸ்டார் ஃப்ரூட் கைகண்ட மருந்து என்று போனில் எவனோ அனுப்பிய செய்தி ஒன்று இருந்தது. அதை நானே நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன். இங்கே கூடை கூடையாகப் பழம் கிடந்து அழுகுகிறது, அங்கே பிரஷர்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. நல்ல பழமாகப் பொறுக்கி எடுத்தேன். ஓரத்து நார் சீவி, விதை எடுத்து, அரைத்து வடிகட்டினேன். எங்கள் வீட்டுக்கு எப்போதும் உப்பும் மிளகும் போடுவேன். அண்ணாவுக்கு மட்டும் உப்பில்லாமல், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போட்டுத் தனியாக எடுத்தேன். ஒரு போசி நிறைய. நானே கொண்டுபோய் நின்று, ஊற்றிக் கொடுத்தேன்.

"உப்பே போடலைங்கண்ணா, பயப்படாமக் குடிங்க. பிரஷருக்கு நெம்ப நல்லது."

அண்ணா அண்ணியைப் பார்த்தார். அண்ணி கையில் இருந்த ஒரு தாளைப் பார்த்தார். டாக்டர் எழுதிக்கொடுத்தது. வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, ஆரஞ்சு கூடாது என்று வரிசையாக இருந்ததாம். ஸ்டார் ஃப்ரூட் அதில் இல்லை. எழுதிய டாக்டருக்கு, கணபதியில் ஒருத்தி வீட்டில் இது மூட்டைக் கணக்கில் காய்க்கும் என்று எப்படித் தெரியும்? அண்ணி தாளை மடித்து வைத்துவிட்டு, "இதுல ஒண்ணும் சொல்லலீங்க, குடிங்க" என்றார். அண்ணா இரண்டு டம்ளர் குடித்தார். "நெம்ப நல்லா இருக்குதுங் அம்மணி" என்றார். அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வாய் கசந்து சாப்பாடே இறங்காமல் கிடந்தவருக்குப் புளிப்பும் இனிப்புமாக ஏதோ ஒன்று தொண்டையில் இறங்கியிருக்கிறது. மிச்சத்தைச் சாயங்காலம் குடித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அடுத்த போசியோடு போனேன். அண்ணா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விக்கல். காலையில் எழுந்ததிலிருந்து நிற்கவில்லையாம். ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு விக்கல்.

"யாரோ நெனைக்கறாங்க போலிருக்குதுங்கண்ணா" என்றேன்.

முந்தின ஞாயிறுதான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு இடம் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. வயல், வாழை, தென்னந்தோப்பு என்று நல்ல குடும்பம். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொன்னவர்களிடமிருந்து இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "கோபிக்காரங்கதான் நெனைக்கறாங்களோ என்னமோ" என்றார். மகள் வெட்கப்பட்டுக்கொண்டே, விக்கல் நிற்கிறதா பார்க்கிறேன் என்று சொந்தக்காரர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். யார் பேரைச் சொல்லும்போது நிற்கிறதோ அவர்கள்தான் நினைக்கிறார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு விளையாட்டு. மாமன், சித்தி, பெரியப்பா எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் நான் மாப்பிள்ளைப் பையன் பேரைச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து விக்கல் ஒரு நிமிசம் நின்றது. நாங்கள் மூன்று பேரும் கைதட்டிச் சிரித்தோம். அண்ணாவும் சிரித்தார். அப்புறம் மறுபடியும் விக்கினார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"தொண்டை வறண்டிருக்குது. ஜூஸைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடு கண்ணு, நின்னுபோகும்" என்று மகளிடம் சொன்னது நான்தான். அண்ணாவின் கை நடுங்கியது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்பூனால் ஊட்டினாள். போசியில் பாதி காலியாகும்வரை ஊட்டினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வீணாகாமல் ஒரு ஜீவன் வயிற்றுக்குப் போகிறதே என்று எனக்குச் சந்தோசம்கூட.

திங்கட்கிழமை காலையில் அண்ணி ஓடிவந்தார். "என்னமோ மாதிரி பேசறாருங்க அம்மணி, வந்து பாருங்களேன்." போனோம். அண்ணா சுவரைப் பார்த்து, லேத்தை யார் அணைக்காமல் போனது என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். நடுவில் விக்கல். மகளைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். அந்த நிலையிலும் 'ங்க' விட்டுப்போகவில்லை. என் வீட்டுக்காரர் கார் எடுத்தார். அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அண்ணி கொடுத்த பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு நாளா என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டாள். அண்ணி ராகிக் கஞ்சி, ரசம் சோறு, இட்லி என்று சொன்னார். ஜூஸைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது சாப்பாட்டில் சேர்த்தி என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்க மகள் கீழே போயிருந்தாள். நான்தான் முன்னால் வந்து சொன்னேன். சும்மா சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னேன்.

"எங்க ஊட்டு மரத்துப் பழமுங்க, ஸ்டார் ஃப்ரூட். உப்பே போடாம ஜூஸ் போட்டுக் குடுத்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"ஒண்ணரைப் போசி இருக்குமுங்க. ரெண்டு நாளா."

"இவருக்கு ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போயிடுச்சு. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். திட்டுகிற குரல் இல்லை. "கிட்னி சரியா இருக்கறவங்களுக்கு இது வெறும் பழம். இவருக்கு இது விஷம். மூளையப் போய்த் தாக்கும். விக்கல்தான் அதுக்கு முதல் அடையாளம். விக்கல் வந்தப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். நேற்று கைதட்டிச் சிரித்தது எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அப்படியே இருந்தது.

உடனே டயாலிசிஸ் போட்டார்கள். அன்று மத்தியானமே வலிப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை நினைவு இல்லை. புதன்கிழமை பதினோரு மணிக்குப் போய்விட்டார்.

ஐ.சி.யு.வுக்கு வெளியே, சுவரோரமாக, அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டுவார், அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நான் கொஞ்சமாவது மூச்சு விட்டிருப்பேன்.

"நானுந்தானுங்க காரணம். கிட்னின்னு ஒரு வார்த்தை உங்ககிட்டச் சொல்லியிருந்தா நீங்க குடுத்திருப்பீங்களா? உப்புன்னு சொல்லி மூடிப்போட்டனே" என்றார். பிறகு குரலை இறக்கினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங் அம்மணி. பாப்பாவுக்குத் தெரியவே கூடாதுங்க. கடைசியா ஊட்டுனது அவளுங்க. தெரிஞ்சா எம்பொண்ணு உசுரோட இருக்க மாட்டா."

தலையாட்டினேன். வாயைத் திறந்தால் ஊரே கேட்கும்படி அலறியிருப்பேன். அந்தத் தலையாட்டல்தான் நான் கொடுத்த வாக்கு.

கிட்னி கெட்டு இறந்துபோனார் என்று மகளிடம் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வீட்டில் இருந்த ஊறுகாய், வற்றல், அத்தனை பாட்டிலையும் குழி வெட்டிக் கொட்டினேன். வாழ்க்கையில் நான் வேண்டுமென்றே எதையாவது வீணாக்கியது அன்றைக்குத்தான். மரம் வெட்டுகிற ஆளை என் வீட்டுக்காரர் கூட்டிவந்தார். முதல் கிளையில் அரிவாள் விழுந்த சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து அவள் ஓடிவந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை.

"அத்தை, வெட்டாதீங்கத்தை! அப்பாவுக்குப் புடிச்ச மரமுங்க. வாயில ஒண்ணுமே எறங்காம இருந்தவரு இதைத்தானுங்க ஆசையாக் குடிச்சாரு. எதுக்கு வெட்டறீங்க?"

அவளுக்குப் பின்னால், கேட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றார். "குப்பை சேருது கண்ணு" என்றேன். "நான் கூட்டறனுங்க. தெனமும் நானே வந்து கூட்டறேன்" என்றாள். ஆளை அனுப்பிவிட்டோம். சொன்னபடியே அவள் தினமும் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் விளக்குமாறோடு வந்து எங்கள் வாசலைக் கூட்டினாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். மரம் நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் மூன்று தடவை என் வீட்டுக்காரர் வெட்டலாமா என்று கேட்டார். வெட்டினால் ஏன் என்று அவள் கேட்பாள். கேட்டால் நான் சொல்லிவிடுவேன், எனக்கு என் வாயைத் தெரியும்.

வருசம் ஓடி அடுத்த புரட்டாசி வந்தது. அண்ணாவின் முதல் திதி. மரம் எப்போதும் இல்லாத மாதிரி காய்த்துத் தொங்கியது. காலை ஒன்பது மணிக்கு அவள் தலைகுளித்த ஈரத்தோடு வந்தாள். கையில் எங்கள் தூக்குப்போசி. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்றிலிருந்து அது அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது.

"அத்தை, அப்பாவுக்குப் படைக்கறமுங்க. அவருக்குப் புடிச்சதெல்லாம் வெக்கோணுமில்லீங்க. நாலு பழம் பறிச்சுக் குடுங்க. நல்லாப் பழுத்ததாக் குடுங்க."

நான் எதிர்வீட்டைப் பார்த்தேன். அண்ணி வாசலில் நின்றிருந்தார். இரண்டு கையும் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தார். தலையை மட்டும் லேசாக அசைத்தார். பறித்துப் போசியில் போட்டுக் கொடுத்தேன். நாலு பழம்.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மூன்று மணிக்கு அவளே வந்தாள். அந்த வீட்டிலிருந்து போசி வெறுமனே வந்ததில்லை, அன்றைக்கும் வரவில்லை. படையல் சோறு, வடை, பாயசம், மேலே ஒரு சின்ன இலையில் நட்சத்திரம் நட்சத்திரமாக நறுக்கிய பழம். படைத்ததை வேண்டாம் என்று தள்ளக்கூடாது. நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"அப்பா போட்டோவுக்கு முன்னால வெக்கறப்ப அந்த ஞாயித்துக்கிழமதானுங்க ஞாபகம் வந்துச்சு" என்றாள். "எங்கையால ஊட்டிவிட்டேன் பாருங்க, குழந்தையாட்டம் வாயத் தொறந்தாரு. அவருக்கு நான் செஞ்சது அது ஒண்ணுதானுங்கத்தை. அதை நெனைச்சாத்தான் மனசு கொஞ்சம் ஆறுது."

நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றேன். விழுங்கினேன். அடுத்ததையும் எடுத்தேன்.

"நல்லா இருக்குதுங்களா அத்தை?"

"நல்லா இருக்குது கண்ணு" என்றேன்.